கீழத்தெருப் பக்கத்துக் குழாய்

பாளையங்கோட்டை சாந்திநகரில் பாக்கியசீலனைத் தெரிந்தவர்கள் அவரைப் பற்றி முதலில் சொல்வது, மனிதர் சத்தம் போட்டுப் பேச மாட்டார் என்பதுதான். தனியார் கல்லூரி ஒன்றின் அலுவலகத்தில் கண்காணிப்பாளர் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கிறிஸ்தவ ஆலயப் பாடகர் குழுவில் பாடுவார். மனைவி தேவமணி தொடக்கப்பள்ளி ஆசிரியை. ஒரே மகள் ஸ்டெபி திருமணமாகிப் பெங்களூருக்குப் போன பிறகு அவளுடைய அறை காலியானது. அந்த அறையில்தான் அவர் குழாய் செய்ய ஆரம்பித்தார்.

குழாய் என்றால் கல்யாண வீட்டிலும் கோயில் கொடை விழாவிலும் மரத்தில் கட்டுகிறார்களே, அந்த வகைதான். ஆனால் ஊருக்குக் கேட்பதற்கு இல்லை; வீட்டுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒரு ஆள் கேட்பதற்கு. ஜப்பானிலும் ஜெர்மனியிலும் சிலர் இப்படி வீட்டிலேயே செய்து பாட்டுக் கேட்பதைச் செல்போனில் பார்த்ததிலிருந்து அவருக்கு அது பித்தாகிவிட்டது. கடையில் விற்கிற பெட்டி ஸ்பீக்கரில் பாட்டு பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது, குழாயில் பாடுகிற ஆளே எதிரில் வந்து நிற்கிறார் என்பார்.

செய்வது லேசான வேலையில்லை. குழாய் தொண்டையில் ஒரு ரூபாய் நாணய அகலத்தில் தொடங்கி, ஒரு கணக்குப்படி மெல்ல மெல்ல விரிந்து, வாயில் இரண்டு கையாலும் கட்டிப் பிடிக்கிற அளவுக்கு வரவேண்டும். நடுவில் எங்காவது கணக்குத் தப்பினால் ஒலி மூக்கால் பேசும். அவர் சார்ட் பேப்பரில் வரைந்து, பிளைவுட்டை வெட்டிக் கூடு கட்டி, அதன்மேல் பழைய செய்தித்தாளைப் பசையில் நனைத்து ஒட்டினார். காய்ந்ததும் அடுத்த பூச்சு. அது காய்ந்ததும் அடுத்தது. மொட்டை மாடியில் இரண்டு பெரிய ஊமத்தம்பூக்கள் கவிழ்ந்து கிடப்பதுபோல் அவை மாதக்கணக்கில் காய்ந்தன.

"பழைய பேப்பர் வாங்குதவரு நம்ம தெருவுக்கு வாரதையே விட்டுட்டாரு" என்றாள் தேவமணி. ஆனால் அவளுக்கும் அதில் பெருமை உண்டு. பள்ளியில் மற்ற ஆசிரியைகளிடம், எங்க வீட்டுல ஒரு தொழிற்சாலை நடக்குது என்பாள்.

குழாய்கள் நன்றாகவே வந்தன. சிக்கல் யூனிட்டில் வந்தது. குழாயின் பின்பக்கம் திருகி மாட்டுகிற, தேங்காய் அளவு கனத்த இரும்பு உருண்டைக்குத்தான் யூனிட் என்று பெயர். சத்தம் பிறப்பது அதில். குழாய் அதைப் பெரிதாக்கித் தருகிறது, அவ்வளவுதான். அவர் வரவழைத்த புது யூனிட்டுகள் கிரீச்சிட்டன. மூன்று வகை மாற்றிப் பார்த்தார். பெண் குரல் வந்தால் தகரத்தை ஆணியால் கீறுவது போல இருந்தது.

அப்போதுதான் அவருக்கு நேசபுரத்துக் கோபுரம் நினைவுக்கு வந்தது.

நேசபுரம் தேவமணி பிறந்த ஊர். கொற்கைக்குப் போகிற வழியில் வாய்க்கால் கரையோரம், வாழைத்தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. ஊர் நடுவில் ஆலயம். மேற்கிலும் வடக்கிலும் கிறிஸ்தவர்கள் தெரு, பள்ளிக்கூடம், கடைகள். கிழக்கே ஒரு பள்ளம் தாண்டி, வாய்க்காலை ஒட்டிக் கீழத்தெரு. அங்கே இருப்பவர்கள் வாழைத்தோட்ட வேலைக்குப் போகிற குடும்பங்கள். அவர்களுக்கு அம்மன் கோயில். ஆனால் ஆலயக் கோபுரத்து ஒலிபெருக்கி எல்லாருக்கும் பொது. சாவு அறிவிப்பு, ரேஷன் கடை திறக்கிற நாள், குடிதண்ணீர் வருகிற நேரம் எல்லாம் அதில்தான் சொல்வார்கள். கோபுரத்தில் திசைக்கு ஒன்றாக நான்கு குழாய்கள். அவற்றின் யூனிட்டுகள், வெளிநாட்டில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் எந்தக் காலத்திலோ வாங்கிக் கொடுத்தவை. அந்த மாதிரிக் கனமான காந்தத்தோடு இப்போது யாரும் செய்வதில்லை.

ஒலிபெருக்கியில் ஏதாவது கோளாறென்றால், கோயில்பிள்ளை என்று அழைக்கப்படும் ஆலயப் பணியாளர், பாக்கியசீலனுக்குத்தான் போன் போடுவார். ஊர் மாப்பிள்ளை, வேலை தெரிந்தவர், கூலி கேட்க மாட்டார். அந்த வருடம், அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்கு முன்னால், சத்தம் கொஞ்சம் இரைகிறது என்று கூப்பிட்டார். பாக்கியசீலன் கோபுரத்தில் ஏறினார். ஒரு வயர் தளர்ந்திருந்தது. அதை முறுக்கினார். வேலை முடிந்துவிட்டது.

ஆனால் அவர் இறங்கவில்லை. கிழக்குக் குழாயிலும் தெற்குக் குழாயிலும் இருந்த யூனிட்டுகளைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். வெறும் குழாய்களை அப்படியே விட்டார். கீழே நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

"ரெண்டு யூனிட்டுல மழைத்தண்ணி எறங்கிட்டு. காயில் கம்பி கருகிப்போச்சு. கொண்டுபோய் கட்டிப் பாக்கேன்" என்றார் கோயில்பிள்ளையிடம்.

"நீங்க பாத்துச் செஞ்சா சரிதான் மாப்பிள்ள. மத்த ரெண்டும் பாடுதுல்லா, அது போதும்."

தெற்கே வெறும் தோட்டம், கேட்பதற்கு ஆள் கிடையாது. கிழக்கே கீழத்தெருதான் என்று பேருந்தில் வரும்போது கணக்குப் போட்டுக்கொண்டார். அங்கே கொஞ்சம் வீடுகள். அதிகாலைப் பாட்டு தூக்கத்தைக் கெடுக்கிறது என்று அவர்களே ஒரு தடவை குறைப்பட்டிருக்கிறார்கள். மற்ற இரண்டு குழாய்களின் சத்தமே அவர்களுக்கு எட்டும். தான் சொன்னது பொய் என்று அவருக்குத் தெரிந்தது. திருட்டு என்று தோன்றவில்லை. மடியில் இருந்த பையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தார்.

அந்த யூனிட்டுகளை மாட்டிய மாலையில், தன் சின்ன வயதில் பாளையங்கோட்டையில் பதிவான ஒரு பழைய பாடகர் குழு ஒலிநாடாவை ஓடவிட்டார். பாடுவதற்கு முன் அத்தனை பேரும் சேர்ந்து மூச்சிழுத்தது கேட்டது. யாரோ ஒருவர் தாளைத் திருப்பினார். அதன்பிறகு குரல்கள் எழுந்தன. தேவமணி அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள்.

அதற்கப்புறம் வீட்டுக்கு ஆள் வர ஆரம்பித்தது. அலுவலகத்தில் கூட வேலை பார்க்கிற மகேஷ் வருவான். திருநெல்வேலி டவுணிலிருந்து தில்லைநாயகம் அண்ணாச்சி நாதசுரப் பதிவுகளோடு பேருந்தில் வருவார். பாக்கியசீலன் சுவரில் போர்வை கட்டி எதிரொலியை அடக்கியிருந்தார். இரண்டு குழாய்களையும் நாற்காலியைப் பார்த்துத் திருப்பி, நூல் பிடித்து அளந்து வைத்திருந்தார். வருகிறவர்களுக்கு ஒரு வேடிக்கை காட்டுவார். நாற்காலியில் உட்காரவைத்து யாராவது பேசுகிற பதிவைப் போடுவார். அப்புறம், "எந்திரிச்சுக் குழாய்க்குப் பின்னால போய் நில்லுங்க" என்பார்.

தில்லைநாயகம் போய் நின்றார். "என்ன வே இது, ம்ம்முன்னு இரையுது. பேச்சக் காணும்."

"சத்தம் பின்னாலயும் வரும் அண்ணாச்சி. வார்த்தை வராது. 'க', 'ச', 'த' எல்லாம் குழாய் பாக்குத பக்கம் மட்டுந்தான் போகும். மிச்சம் வெறும் முனகல்."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பாடம் நடத்துகிறவரின் சந்தோஷம் இருக்கும்.

2023 டிசம்பர் மழை ஒரு ஞாயிற்றுக்கிழமை விடாமல் பெய்தது. பாளையங்கோட்டையிலேயே தெருக்களில் முழங்கால் தண்ணீர். ஆறு பாலத்தைத் தொட்டுக்கொண்டு போகிறது என்றார்கள். நேசபுரத்தில் தன் தம்பி ஜெய்சனுக்குப் போன் போட்டுப் போட்டுத் தேவமணி சோர்ந்துபோனாள். எந்த போனும் போகவில்லை. தண்ணீர் வடிந்து பாதை திறந்ததும், பிஸ்கட்டும் போர்வையும் வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் ஒரு லாரியில் தொற்றிக்கொண்டு போனார்கள்.

ஜெய்சன் குடும்பம் பிழைத்திருந்தது. வீட்டுக்குள் சேறு. வாழைகள் மொத்தமும் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. பள்ளிக்கூடத்து மாடியில் ஊரே தங்கியிருந்தது.

"திங்கக்கிழம விடியும்போது வாய்க்கா கரை உடஞ்சிட்டுன்னு தகவல் வந்துது" என்றான் ஜெய்சன். "கோயில்பிள்ள பேட்டரியப் போட்டு மைக்குல சொல்லிட்டே இருந்தாரு. எல்லாரும் பள்ளிக்கூடத்து மாடிக்கு வாங்க, எல்லாரும் மாடிக்கு வாங்கன்னு. தண்ணி மைக் அறைக்குள்ள வர்ற வரைக்கும் சொன்னாரு. நாங்க உடனே ஏறிட்டோம். கீழத்தெரு ஆளுவதான் அசையல. கடைசி நேரத்துல அங்கன இங்கன ஏறித் தப்பிச்சாவ. ஒரு ஆளு போயிட்டாரு. மாடக்கண்ணுன்னு, ஆடு வச்சிருப்பாரே. ஆட்ட அவுத்துவிடப் போனவரு. எத்தன தடவ மைக்குல சொல்லியாச்சு. கேக்காட்டா என்ன செய்யதுக்கு?"

சுற்றி நின்றவர்களும் அதையே சொன்னார்கள். கோயில்பிள்ளை ஒரு ஓரத்தில் தொண்டை கட்டி உட்கார்ந்திருந்தார்.

பாக்கியசீலன் கோபுரத்தைப் பார்த்தார். நான்கு குழாய்களும் நான்கு திசையில் வாயைத் திறந்துகொண்டு இருந்தன. அவற்றில் கிழக்குக் குழாய் வெறுங்கூடு. கையிலிருந்த போர்வைக் கட்டைப் பக்கத்தில் நின்ற யாரிடமோ கொடுத்துவிட்டு, பள்ளிக்கூடத்துச் சுவரோரம் போய் வாந்தியெடுத்தார். சேற்று நாற்றம் ஒத்துக்கொள்ளவில்லை என்று தேவமணி நினைத்தாள்.

வீட்டுக்கு வந்தபிறகு அவர் தன்னிடமே வழக்காடினார். அன்றைக்கு மழை அப்படிப் பெய்தது. கல்நார்க் கூரை மேல் அடிக்கிற மழையில் கிழக்குக் குழாய் இருந்தாலும் கேட்டிருக்குமா? கேட்டிருந்தாலும் மாடக்கண்ணு ஆட்டை விட்டுவிட்டு வந்திருப்பாரா? யாராவது பள்ளத்தைத் தாண்டி ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாமே? ஒவ்வொரு கேள்விக்கும் அவருக்குச் சாதகமாக ஒரு பதில் இருந்தது. ஒரு பதிலும் ஒரு நாளுக்கு மேல் தாங்கவில்லை. ஸ்டெபியின் அறைக் கதவைச் சாத்தினார். தில்லைநாயகம் போன் செய்தால், ஆம்ப்ளிபயர் ரிப்பேர் என்றார்.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் ஒருநாள் இரண்டு யூனிட்டுகளையும் கழற்றித் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு தனியாக நேசபுரம் போனார். கோபுரத்தில் ஏறி, எடுத்த இடத்திலேயே மாட்டினார். கோயில்பிள்ளையை மைக்கில் பேசச் சொல்லிவிட்டுப் பள்ளத்தைத் தாண்டிக் கீழத்தெருவில் போய் நின்றார்.

"சோதனை, சோதனை. இன்று மாலை ஆறு மணிக்கு ஆராதனை."

ஒவ்வொரு எழுத்தும் துல்லியமாக விழுந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது, தலைச்சுமையாக வாழையிலைக் கட்டோடு ஒரு பெண் தெருவில் அப்படியே நின்று கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டை இறக்கவும் இல்லை, நடக்கவும் இல்லை. அவள் மாடக்கண்ணுவின் மனைவி பேச்சித்தாய் என்று பிறகுதான் தெரிந்துகொண்டார்.

அதோடு ஓயும் என்று நினைத்தார். ஆனால் கோயில்பிள்ளை ஊரெல்லாம் சொல்லிவிட்டார்: எங்கேயும் கிடைக்காத யூனிட்டை மாப்பிள்ளை அலைந்து திரிந்து சரிபண்ணி, ஒரு பைசா வாங்காமல் மாட்டிவிட்டார். ஆலயத்தில் ஊரே சேர்ந்து உண்ணும் அந்த வருட அசன விருந்தன்று, சாப்பாட்டுக்கு முன்னால் அவரை மேடைக்குக் கூப்பிட்டுக் குருவானவர் பொன்னாடை போர்த்தினார். ஆண்டவருடைய சத்தம் நாலு திசைக்கும் போக உழைத்த சகோதரர் என்றார். ஜனங்கள் கைதட்டினார்கள். தேவமணி முன்வரிசையில் உட்கார்ந்து செல்போனில் படம் எடுத்தாள். பாக்கியசீலன் அந்தச் சரிகைத் துணிக்குள் வியர்த்துக்கொண்டு நின்றார். இப்போது சொல்லிவிடலாம், மைக் கையில்தான் இருக்கிறது என்று ஒரு கணம் தோன்றியது. "எல்லாருக்கும் நன்றி" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

அப்புறமும் மாதங்கள் போயின. அடுத்த மழைக்காலம் வந்தது. ஒரு சனிக்கிழமை பிற்பகல் மகேஷும் அவன் மனைவி மதுமதியும் வந்திருந்தார்கள். பேச்சு போன வருட வெள்ளத்தைத் தொட்டது. தேவமணி காப்பியை நீட்டிக்கொண்டே சொன்னாள்: "எங்க ஊருல ஒரே ஒரு சாவு. அதுவும் கீழத்தெருவுல. மைக்குல அத்தன தடவ சொல்லியும் அவிய கேக்கல."

"அவங்களுக்குக் கேட்டிருக்காது" என்றார் பாக்கியசீலன்.

"ஊருக்கே கேட்டுச்சு. அவங்களுக்கு மட்டும் எப்படிக் கேக்காம இருக்கும்?"

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். விருந்தாளிகள் போகும்வரை தேவமணி காத்திருந்தாள். கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல அவள் முகம் ஒவ்வொரு நிறமாக மாறியது. மெல்ல எழுந்து போய் ஸ்டெபியின் அறைக் கதவைத் திறந்து, பின்பக்கம் ஓட்டையாக நின்ற இரண்டு குழாய்களையும் பார்த்துவிட்டு வந்தாள்.

"நானும் இந்தச் சத்தத்தக் கேட்டு ரசிச்சிருக்கேன்" என்றாள். "வாசல்ல நின்னு கேட்டேனே."

"உனக்குத் தெரியாதுல்லா."

"பொன்னாட போத்தும்போது தெரியுமே உங்களுக்கு." அவள் குரல் உடைந்தது. "எங்க ஊருங்க அது. உங்கள நம்பிக் கோபுரத்துல ஏத்துனாவ. மாப்பிள்ள மாப்பிள்ளன்னு... என்ன மனுசங்க நீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளே சொன்னாள்: "நாளைக்கு ஆராதன முடிஞ்சதும் போவோம். மொதல்ல அந்தப் பொம்பளகிட்ட. அப்புறந்தான் மத்தவங்ககிட்ட."

பேச்சித்தாய் வீட்டு முன்னால் சாக்கை விரித்து உட்கார்ந்து, வாழையிலை நறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். வீட்டில் பாதிச் சுவர் புதியது, இன்னும் பூசவில்லை. தேவமணியைப் பார்த்ததும் எழுந்தாள்.

"வாங்கக்கா. அண்ணாச்சி, வாங்க. கோயிலுக்குக் கொழாய் குடுத்தவுக இல்லா."

"குடுக்கல தாயி" என்றார் பாக்கியசீலன். நின்றுகொண்டே பேசினார். "எடுத்தேன். இந்தப் பக்கம் பாக்குத கொழாயில இருந்த யூனிட்ட எங்க வீட்டுல பாட்டுக் கேக்கதுக்காகப் பொய் சொல்லி எடுத்துட்டுப் போனேன். வெள்ளம் வந்தப்போ அது எங்க வீட்டுலதான் இருந்துச்சு. இந்தக் கொழாய் வேல செய்யல. அதனாலதான் உங்களுக்கு ஒண்ணும் கேக்கல."

பேச்சித்தாய் புரியாமல் பார்த்தாள். "எங்களுக்குச் சத்தம் கேட்டுச்சே அண்ணாச்சி."

"கேட்டுச்சா?"

அந்த ஒரு கணத்தில் தன் மார்பில் இருந்த பாரம் சட்டென்று இறங்கியதை அவர் உணர்ந்தார். பிற்பாடு அவரை அதிகமாக வெட்கப்படவைத்தது அந்தக் கணம்தான்.

"கேட்டுச்சு. அப்பதான் விடிஞ்சும் விடியாம இருந்துது. ம்ம்ம்முன்னு கோயில் பக்கம் சத்தம். அவுக கேட்டாவ, என்னட்டி சொல்லுதாவன்னு. நாந்தான்..." அவள் கையிலிருந்த கத்தியைப் பார்த்தாள். "நாந்தான் சொன்னேன், கிறிஸ்மஸ் வருதுல்லா, பாட்டுக்கு மைக்க சரி பாக்காவன்னு. போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டுப் படுங்கன்னேன். கொஞ்ச நேரத்துல தண்ணி வாசல்ல நிக்கி. எங்களையெல்லாம் அந்தா தெரியுத மாடிவீட்டுல ஏத்திவிட்டுட்டு ஆட்ட அவுக்கப் போனாவ. என் வாயால நான் கெடுத்தது அண்ணாச்சி. நீங்க எதுக்கு உங்க மேல போட்டுக்கிடுதிய?"

பாக்கியசீலன் தேவமணியைத் திரும்பிப் பார்த்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்படியே திரும்பிப் போய்விட முடியும் என்பது அவருக்குத் தெரிந்தது. சொல்லியாயிற்று, அவளும் பழியை அவர் மேல் போடவில்லை. அவர் அவள் முன்னால் சேறு காய்ந்த தரையில் உட்கார்ந்தார்.

"தாயி, இத ஒரு நிமிசம் பாருங்க." அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, வாயைச் சுற்றி இரண்டு கையையும் குவித்துக்கொண்டு மெல்லிய குரலில் ஏதோ சொன்னார். "என்ன சொன்னேன்?"

"தெரியலியே."

"சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுது."

கையை எடுக்காமல் முகத்தை அவள் பக்கம் திருப்பி, அதே குரலில் சொன்னார்: "மாடிக்கு வாங்க."

பேச்சித்தாய் கத்தியைக் கீழே வைத்தாள்.

"கொழாய் எந்தப் பக்கம் பாக்குதோ அந்தப் பக்கந்தான் வார்த்த போகும். அன்னைக்குப் பாடுன ரெண்டு கொழாயும் உங்களப் பாக்காம வேற பக்கம் திரும்பி இருந்துச்சு. உங்களுக்கு வந்தது வெறும் முனகல். நீங்கன்னு இல்ல, அந்த இடத்துல யாரு இருந்தாலும் வார்த்த தெரிஞ்சிருக்காது. பாட்டுன்னுதான் நெனச்சிருப்பாவ. நானே இருந்தாலும் அப்படித்தான் நெனச்சிருப்பேன். நீங்க சொன்னதுல தப்பே இல்ல."

இலை நறுக்குக் காற்றில் பறந்து சாக்கை விட்டு விலகிப் போனது. அவள் எடுக்கவில்லை.

"இப்பல்லாம் நல்லாத் தெரியுது" என்றாள் கடைசியில். "அன்னைக்கு மட்டும் எனக்குக் காது அடச்சுப் போச்சுன்னு நெனச்சிட்டிருந்தேன்." பிறகு நேராக அவரைப் பார்த்தாள். "இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"வெள்ளம் வடிஞ்சு நான் இங்க வந்த அன்னைக்கே."

"அன்னைக்கேவா."

"ஆமா."

"இப்ப வந்து சொல்லுதிய."

அவர் வாயைத் திறந்தார். மன்னிப்பு என்ற சொல் பாதி வருவதற்குள் அவள் கையைக் காட்டித் தடுத்தாள்.

"அது எனக்கு வேண்டாம். எங்க மாமியா எங்கூடப் பேசுததில்ல. அவுக மகன் செத்த அன்னைக்கு நானே தலையில அடிச்சிட்டு அழுதேன், நாந்தான பாட்டுன்னு சொன்னேன்னு. அதுலருந்து ஒரு வார்த்த கிடையாது. ஒரே வீட்டுல இருக்கோம். நான் வடிச்ச சோத்தத் தின்னுட்டு, எம் மூஞ்சியப் பாக்காம எந்திரிச்சுப் போவாவ. நீங்க அன்னைக்கே வந்திருந்தா எனக்கு இது இல்ல. வாங்க. அவுககிட்ட சொல்லுங்க."

மாமியார் செல்லக்கிளி வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் கட்டிலில் இருந்தாள். அவளுக்குக் காது மந்தம். பாக்கியசீலன் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை.

"பையப் பேசுனா அவுகளுக்குக் கேக்காது" என்றாள் பேச்சித்தாய். "சத்தமாச் சொல்லுங்க."

வாழ்நாளில் யாரிடமும் குரல் உயர்த்தாத அந்த மனிதர், தான் செய்ததைக் கத்திச் சொன்னார். ஒரு தடவை போதவில்லை. யூனிட், கோபுரம், பொய், கிழக்குப் பக்கம் என்று ஒவ்வொன்றாகத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். யாரோ அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். தேவமணி குறுக்கே வந்தாள்.

"விடுங்க" என்றாள் பேச்சித்தாய். "சொல்ல வந்தவுக சொல்லி முடிக்கட்டும்."

செல்லக்கிளி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "எம்புள்ளைக்கு ஆடுன்னா உசுரு" என்றாள். "கொஞ்சம் முந்தித் தெரிஞ்சிருந்தா அவுத்து ஓட்டிட்டுல்லா வந்திருப்பான்." அவரிடம் ஒரு கேள்வி கேட்டாள். "ஏன்யா, ஒங்க வீட்டுல பாட்டுக் கேக்க வேற வழியே இல்லியா?"



கிழவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்புறம், "ஏட்டி பேச்சி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொண்டா" என்றாள்.

பேச்சித்தாய் உள்ளே போனாள். அடுக்களையிலிருந்து செம்பு உருளுகிற சத்தமும், அதன்பின் அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற சத்தமும் கேட்டன.

அன்று மாலையே ஆலயக் கமிட்டியிடமும் சொன்னார். விஷயத்தை இதோடு விட்டுவிடலாம், சபைக்குத்தான் கெட்ட பேர் என்றார் ஒருவர். பாக்கியசீலன் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று அவரே சொன்னார். பொன்னாடையைத் திருப்பிக் கொடுத்தார். கோயில்பிள்ளை எழுந்து வெளியே போனார்; அன்றைக்கு விடியலில் தொண்டை கிழியக் கத்தியவர் அவர். கீழத்தெருவில் சிலர் காவல்நிலையத்தில் புகார் கொடுக்கக் கிளம்பினார்கள். பேச்சித்தாய் கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள். ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை. ஜெய்சன் அக்காள் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டான். தேவமணி கணவருக்குச் சமைத்தாள், துணி எடுத்து வைத்தாள். பழையபடி பேச அவளுக்கு நாளாயிற்று.

அன்றைக்குக் கீழத்தெருவிலிருந்து கிளம்பும்போது அவர் பேச்சித்தாயிடம் தன் போன் நம்பரைச் சொல்லிவிட்டு வந்திருந்தார், எதற்காவது தேவைப்பட்டால் என்று. அவள் அதைக் குறித்துக்கொண்டதாகவே அவருக்குத் தோன்றவில்லை.

ஐப்பசி கடைசியில் மலைப்பக்கம் நல்ல மழை. ஒரு நாள் சாயங்காலம் அலுவலகத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது போன் அடித்தது. தெரியாத எண்.

"பேச்சித்தாய் பேசுதேன். அங்கன ஆத்துல தண்ணி எப்படிப் போவுது?"

"காலையில பாத்தப்போ கொறவாத்தான் போச்சு."

"காலையில பாத்தது எதுக்கு ஆவும். இப்ப எப்படி இருக்கு? எங்களுக்கு மேலதான நீங்க இருக்கிய. அங்கன ஏறுனாத்தான இங்கன வரும்."

"இப்பவே போய்ப் பாத்துட்டுச் சொல்லுதேன் தாயி."

செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு, குடையைக்கூட எடுக்காமல் கொக்கிரகுளம் பாலத்துக்குப் போனார். தண்ணீர் செம்மண் நிறத்தில், ஆற்றுக்குள் நிற்கிற கல்மண்டபத்தின் கீழ்ப்படிகளை மூடி ஓடியது, மேல்படிகள் தெரிந்தன. கரையில் துணி துவைக்கிறவர்களிடம், ஏறுகிறதா இறங்குகிறதா என்று விசாரித்தார். பாலத்துச் சுவரோரம் நின்று, லாரிகளின் இரைச்சலுக்கு மேல் கேட்கும்படி உரக்க, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திப் போனில் சொன்னார்.

"பயப்படுத மாதிரி இல்ல. நாலு படி முங்கியிருக்கு. இப்ப ஏறல."

"சரி" என்றாள் அவள். போனை வைத்துவிட்டாள்.

அவர் உடனே வீட்டுக்குத் திரும்பவில்லை. தூறல் பிடித்தது. ஆற்றைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றார்.